வாசகர் கேள்வி – பதில்: மூளைக்காய்ச்சல் கண்ட பிள்ளையை ஒதுக்கலாமா?

கேள்வி: எங்கள் தெருவில் ஏழு வயதுப் பையன் ஒருவன் ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பிழைத்து வந்திருக்கிறான். வலது கை சரியாக எழவில்லை, பேச்சும் திக்குகிறது. ‘அவனைக் கடித்த கொசு நம் பிள்ளையைக் கடித்தால்?’ என்று பயந்து யாரும் பிள்ளைகளை அவனோடு சேர விடுவதில்லை. தெருக்கோடியில் பன்றி வளர்ப்பவரைக் காலி செய்யச் சொல்லி மனு எழுதுகிறார்கள். எனக்குப் பத்து மாதப் பேத்தி இருக்கிறாள். கையெழுத்துப் போடலாமா?
— வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போய்வாருங்கள், அம்மா. தெரு பார்க்கட்டும்.

சுகாதார ஆய்வாளராக உங்கள் வட்டாரத்தில் ஊர் ஊராக அலைந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அவனிடமிருந்து யாருக்கும் இந்த நோய் வராது. தொட்டாலும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது. மனித ரத்தத்தில் இந்த வைரஸ் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. அதனால் அவனைக் கடித்த கொசு இன்னொரு பிள்ளைக்கு நோயைக் கொண்டுபோக முடியாது. டெங்குவில் நடப்பது இதில் நடக்காது. அவனுக்கு இப்போது வேண்டியது இயன்முறை சிகிச்சை, பேச்சுப் பயிற்சி, பேசுவதற்குக் கூட்டாளிகள். ஊரார் மறுப்பது அந்த மூன்றாவதைத்தான். எனக்கு அது பொறுக்கவில்லை.

வைரஸ் பெருகுவது பன்றியிலும், வயலில் இரை தேடும் கொக்கு, மடையான் போன்ற பறவைகளிலும். அதைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசு நெல் வயலில் தேங்கும் தண்ணீரில் முட்டையிடும். அணைத் தண்ணீர் வந்து நடவு முடிந்தால் உங்கள் பக்கம் அதற்குக் குறைவே இல்லை. ஆகவே, காலி செய்யச் சொல்லும் மனுவில் கையெழுத்து வேண்டாம். பன்றிக் கொட்டகையை வீடுகளிலிருந்து தள்ளி அமைத்து வலை கட்டச் சொல்லுங்கள். அது நியாயமான கோரிக்கை. அந்த மனிதரின் பிழைப்பைப் பறித்தாலும் வயலும் கொக்கும் அங்கேயேதான் இருக்கும்.

இது எங்கோ வடக்கே உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் வரும் நோய் என்று நம் பக்கத்தில் இன்னும் பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் 1955-இல் முதல் நோயாளிகள் கண்டறியப்பட்டதே வேலூர் வட்டாரத்தில்தான். 2013-இல் வந்த நம் நாட்டுத் தடுப்பூசியான ஜென்வாக்குக்கு மூலமான வைரஸ், நம் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் இருக்கும் கோலாரில் கிடைத்தது.

பேத்திக்கு இதுவே முதல் ஊசிக்கான வயது: ஒன்பது மாதம் நிறைந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. அரசு அட்டவணையில் நோய் அதிகமுள்ள மாவட்டங்களுக்கு மட்டுமே இது இருப்பதால், கிராம சுகாதாரச் செவிலியரிடம் இந்த வாரமே கேளுங்கள். அங்கே இல்லையென்றால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். இந்தக் கொசு பொழுது சாயும்போது தொடங்கி இரவெல்லாம் கடிக்கும். விளக்கு வைத்த பிறகு குழந்தையைத் திண்ணையிலோ மாட்டுக் கொட்டகைப் பக்கமோ வைத்திருக்காதீர்கள். மாட்டிடமிருந்து நோய் பரவாது. ஆனால் மாட்டைக் கடிக்க வரும் கொசு அங்கே மொய்க்கும். தூங்கும்போது வலை வேண்டும்.

இன்னொன்றையும் தெருவில் சொல்லுங்கள். வைரஸ் தொற்றும் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளை பாதிக்கும். பாதித்தால் அதற்கென்று தனி மருந்து கிடையாது. காய்ச்சலோடு வாந்தி, வலிப்பு, கழுத்து விறைப்பு, பிதற்றல், எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் ‘காற்று சேட்டை’ என்று மந்திரிக்கப் போகாமல் 108-ஐ அழையுங்கள். வலிப்பை அடக்கவும் மூச்சைக் காக்கவும் மருத்துவமனையால் முடியும். அதற்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும்.

கேள்வி: புகை மருந்து அடித்தால் வயல் கொசு ஒழியுமா?
— விவசாயி, பாரூர்

பதில்: நோய் கண்ட ஊரில் உடனடியாக அடிப்பார்கள். ஆனால் வயல் தண்ணீரில் இருக்கும் கொசுப்புழுவுக்குப் புகை எட்டாது. உங்கள் கையில் இருப்பது ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’, அதாவது வயலை மாறி மாறிக் காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதுதான். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இடையில் வயல் காய்ந்தால் புழு சாகும், தண்ணீரும் மிச்சம். மதுரையில் கொசுக்களை ஆராயும் மையத்தார் வேப்பம் புண்ணாக்கு கலந்த யூரியாவை வயலில் இட்டுப் பார்த்ததில் கொசுப்புழு குறைந்தது. ஒரே மடையில் பாயும் வயல்காரர்கள் பேசி, ஒரே நாளில் தண்ணீர் கட்டி ஒரே நாளில் காயவிடுங்கள். ஒருவர் வயல் மட்டும் காய்ந்து பயனில்லை. இந்தக் கொசு ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாராளமாகப் பறக்கும்.