மெட்போர்டு போகிற தம்பிக்கு, தீ வேலை பற்றி

அஸ்தம்பட்டியில் இருந்து கேட்டிருக்கும் தம்பிக்கு. மனைவிக்கு நர்ஸ் வேலையில் கிரீன் கார்டு வந்து, குடும்பத்தோடு ஆரிகன் மாநிலம் மெட்போர்டுக்குப் போகிறீர்கள். அங்கே காட்டுத்தீ அணைக்கத் தனியார் கம்பெனிகள் ஆள் எடுக்கிறார்களாமே, அரசாங்கம் இருக்கும்போது தனியாருக்கு அதில் என்ன வேலை, நம்பிச் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, டிரைவிங் லைசென்ஸ், பிள்ளையின் பள்ளிக்கூடம். அதையெல்லாம் சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். தீ வேலை தெரிந்தவர்கள் நம் ஆட்களில் குறைவு, அதனால் அதை நான் சொல்கிறேன். நான் ஏற்காடு நாகலூர்க்காரன், அங்கே தீயணைக்கும் வேலையில் இருப்பவன். லீவுக்கு வந்து அண்ணன் வீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

அங்கே மலையில் தீ பிடித்தால் பொறுப்பு அரசுடையதுதான். மத்திய அரசின் காடு என்றால் அனேகமாக அவர்களுடைய வனத்துறை, மாநிலக் காடோ தனியார் காடோ என்றால் பெரும்பாலும் ஆரிகன் வனத்துறை. ஆனால் ஆகஸ்டில் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் பற்றும்போது அவர்கள் ஆட்கள் போதாது. அத்தனை பேரை வருஷம் பூராவும் சம்பளத்தில் வைத்திருக்கவும் முடியாது. அதனால் முன்கூட்டியே கம்பெனிகளோடு ஒப்பந்தம் போட்டு வைக்கிறார்கள். கல்யாண வீட்டுக்குச் சமையல் மாஸ்டர் தன் ஆட்களோடும் அண்டா கரண்டியோடும் வந்து இறங்குவது மாதிரி, கூப்பிட்டதும் 20 பேர் குழு சொந்த வண்டி, சொந்தக் கருவியோடு போய் இறங்க வேண்டும். தண்ணீர் லாரி, புல்டோசர், முகாமின் சாப்பாடு, குளியல் வண்டி, மேலிருந்து தீ பரவாமல் தடுக்கும் சிவப்பு மருந்து கொட்டும் பெரிய விமானம் வரை பெரும்பாலும் ஒப்பந்தக்காரர்களுடையவைதான்.

கட்டளை மட்டும் ஓரிடத்தில் இருந்துதான் வரும். 1970-ல் கலிபோர்னியாவில் பெருந்தீ வந்தபோது ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு பக்கம் இழுத்துப் பட்ட பாட்டில் பிறந்த ஏற்பாடு அது. தீக்கு ஒரு தலைமை, அதன் கீழே பகுதி பகுதியாக மேற்பார்வையாளர்கள், அவர்களுக்குக் கீழே உங்கள் குழுத்தலைவர். நீங்கள் தனியார் என்பதற்காக எளிய இடமும் தரமாட்டார்கள், சாகிற இடத்துக்கும் தள்ளமாட்டார்கள். தப்பிக்கும் வழி சரியில்லை என்று பட்டால் காரணம் சொல்லி வேலையை மறுக்கும் உரிமை உங்கள் தலைவருக்கும் உண்டு. அதைப் பயன்படுத்தத் தெரிந்த தலைவரிடம்தான் சேர வேண்டும்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். தீயைத் தடுக்கப் போடும் கோட்டில் நிற்கும்போது இல்லாத வித்தியாசம் சம்பளத்தில் இருக்கிறது. மத்திய அரசின் ஆளுக்குத் தீயணைக்கும்போது 25 சதவீதம் அபாயப்படி உண்டு, கம்பெனி ஆளுக்கு அது கிடையாது. காயம் பட்டால் உங்களைப் பார்க்க வேண்டியது கம்பெனி எடுத்திருக்கும் தொழிலாளர் காப்பீடு. அது இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள், கேட்டால் முகம் சுளிக்கிற கம்பெனி வேண்டாம். ஷிப்ட் முடிந்ததும் அரசு மேற்பார்வையாளர் கையெழுத்துப் போடும் நேரச்சீட்டை வைத்துத்தான் கம்பெனிக்குப் பணம் போகும். அந்த மணிக்கணக்கை நீங்களும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். நான் முதலில் இருந்த இடத்தில் பயண நேரத்தை முழுங்கினார்கள். நோட்டைக் காட்டிய பிறகுதான் பாக்கி வந்தது.

பயிற்சியில் ஏமாற்ற விடாதீர்கள். அடிப்படை வகுப்பு, வருஷா வருஷம் புதுப்பிப்பு, அப்புறம் 20 கிலோ சுமையோடு 4.8 கிலோமீட்டரை 45 நிமிஷத்தில் நடக்கும் சோதனை. இதெல்லாம் முடித்தால்தான் ரெட் கார்டு, அதாவது தீயில் வேலை செய்யும் தகுதி அட்டை. வகுப்புக்கு வராமலே கையெழுத்துப் போடு என்று சொல்கிறவன் உங்கள் உயிரை வைத்துச் சம்பாதிக்கப் பார்க்கிறான். அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை அனுமதிக் காகிதங்களும் அப்படித்தான். 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தீபகற்பத்தில் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே எல்லைக் காவல் அதிகாரிகள் வந்து, ஒப்பந்தக் குழுக்களைச் சோதித்து இரண்டு பேரைப் பிடித்துப் போனார்கள், இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தமும் ரத்தானது. உங்களிடம் கிரீன் கார்டு இருக்கிறது, பயமில்லை. ஆனால் எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர் யாராவது கோடையில் நானும் வருகிறேன் என்றால் கூட்டிப் போகாதீர்கள். அவருக்கு அந்த வேலை செய்ய அனுமதி இல்லை.

இன்னொரு வகைத் தனியாரும் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனியோ பணக்காரரோ ஒரு வீட்டைக் காக்க அமர்த்துவது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீயின்போது பெரிதாகப் பேசப்பட்டது இவர்களைப் பற்றித்தான். கூரையில் சருகு வாருவது, சுவரோரம் அடுக்கிய விறகை நகர்த்துவது, தீ தடுக்கும் ஜெல் அடிப்பது என்று முன்னேற்பாடு செய்கிறவர்கள் நல்ல வேலைதான் செய்கிறார்கள். தலைமைக்குச் சொல்லாமல் உள்ளே புகுந்து பாதையை அடைக்கிறவர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. கலிபோர்னியாவில் 2018-லேயே சட்டம் வந்துவிட்டது. தலைமையோடு சேர்ந்துதான் இயங்க வேண்டும், சைரனும் சுழல்விளக்கும் கூடாது.

நம் ஆட்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். போர்ட்லாண்ட் பக்கம் பொங்கல் விழாவுக்குப் போனால் எந்தக் கம்பெனி என்றுதான் முதலில் கேட்பார்கள். தீயணைக்கிறேன் என்றதும் பேச்சு நின்றுவிடும். அவர்களில் சிலர் பைன் காட்டை ஒட்டி வீடு வாங்கி, கூரைத் தகரத்தில் ஊசியிலைச் சருகு ஒரு சாண் கிடக்க, அது அழகு என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். எனக்கு வயிறு எரியும். என்னைத் தாங்கியது மெக்சிகோக்காரர்கள்தான். நான் போனது நவம்பர் மழையில். தீக்கம்பெனிகள் பல குளிர்காலத்தில் மரக்கன்று நடும் வேலை எடுக்கும். இடுப்பில் டக்ளஸ் ஃபிர் கன்றுப் பையைக் கட்டிக்கொண்டு சரிவில் நட்டு நட்டு, ராத்திரி விரல் மடங்காது. ஒருவர் தன் டார்ட்டியா ரொட்டியில் பாதியைக் கிழித்துக் கொடுத்து, ஸ்பானிஷும் சொல்லிக்கொடுத்தார். அந்த மொழி இன்று என் சோறு.

தீ வேலையில் பெரும்பகுதி சுவாலையோடு இல்லை, சாம்பலோடுதான். கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு மேல் கொண்டுபோய், சூடு இருக்கிறதா என்று தடவித் தடவிப் போவோம். மேலே ஆறியது போல இருக்கும், கிளறினால் வேர் சிவப்பாக உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். தண்ணீர் விட்டு, மண்ணைப் புரட்டி, மறுபடி கை வைத்து, குளிர்ந்த பிறகுதான் அடுத்த அடி. எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. மாசி பங்குனியில் சேர்வராயன் மலைச் சரிவில் தீ ஏறினால் காட்டிலாகா காவலர் எங்கள் தோட்டத்துக்கு ஆள் அனுப்புவார். மேஸ்திரி மணியடித்து, காப்பிச்செடிக்கு நடுவில் இருந்தவர்களை அப்படியே கூட்டிப்போவார். பச்சைத் தழையை ஒடித்து அடிப்போம், அரிவாளால் புல்லை அறுத்துக் கோடு போடுவோம். காவலர் சொல்கிற இடத்தில்தான் கோடு. அப்பா சாயங்காலம் முகமெல்லாம் கரியோடு வந்து, அரைநாள் கூலி யார் கொடுப்பது, தோட்டமா காட்டிலாகாவா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருப்பார். சில வருஷம் வந்தது, சில வருஷம் வரவில்லை.

அதனால்தான் நேரச்சீட்டைப் பற்றி அவ்வளவு சொன்னேன். பூட்ஸ் நீங்களே வாங்க வேண்டியிருக்கும், எட்டு அங்குல உயரத் தோல் பூட்ஸ். போனதும் வாங்கி, கால் பழகும்வரை வீட்டுக்குள்ளும் போட்டு நடங்கள். இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமானால் ஜூனுக்கு முன்னால் கேளுங்கள். அப்புறம் நான் இருக்கும் மலையில் சிக்னல் கிடைக்காது.