சுவர் ஏறாத பல்லி: லெப்பர்ட் கெக்கோ, வாசகர் கேள்வி-பதில்

வீட்டில் வளர்க்கும் பல்லி வகையான லெப்பர்ட் கெக்கோ பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். தின்னவில்லை, மெலிகிறது, தோல் உரியவில்லை என்று ஒவ்வொருவரும் வேறு வேறு குறை சொல்கிறார்கள். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் தொட்டியின் சூடு சரியாக இல்லை என்பதில் வந்து நிற்கிறது. அதனால் சூட்டைப் பற்றிய பதில்தான் நீளமாக இருக்கும்.

பத்து வயது மகன் லெப்பர்ட் கெக்கோ வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். பல்லி என்றாலே எனக்குக் கூச்சம். முதல் தடவை வளர்ப்பவர்களுக்கு இது ஒத்துவருமா?
– வாசகி, ஸ்கார்பரோ

ஒத்துவரும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியை மனதில் வைத்துப் பயப்படவேண்டாம். இதன் விரல்களில் ஒட்டும் தகடு இல்லாததால் கண்ணாடியில் ஏறி ஓடாது. இதற்குக் கண்ணிமை உண்டு, மூடித்தான் தூங்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட பாறை நிலத்துப் பிராணி. வளர்ந்தால் 20 முதல் 25 செ.மீ. நீளம் இருக்கும். பகலில் பதுங்கிக் கிடந்து, அந்தி சாய்ந்ததும் நடமாடும்.

வாங்குமுன் வீட்டில் பேசித் தீர்க்கவேண்டியவை இரண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இது 15, 20 ஆண்டுகள்கூட வாழும். மகன் படிக்க வெளியூர் போனால் பல்லி உங்கள் கையில்தான். அடுத்தது, இது காய்கறி தின்னாது. உயிருள்ள பூச்சிகளை வீட்டில் வைத்திருக்கவேண்டும். உங்கள் கூச்சம் அந்தப் பூச்சிப் பெட்டியைத் தாங்குமா என்று இப்போதே யோசியுங்கள்.

கடையில் பார்க்கும்போது வால் ஏறக்குறைய கழுத்தளவு பருமனாக இருக்கவேண்டும். கொழுப்பைச் சேர்த்துவைப்பது வாலில்தான். விரல்களை எண்ணுங்கள், ஒரு காலுக்கு ஐந்து, ஒவ்வொன்றிலும் நகம். நிறத்தில் மயங்கி ‘எனிக்மா’ வகையை வாங்கவேண்டாம். தலை சாய்ந்து, வட்டமடித்துச் சுற்றும் நரம்புக் கோளாறு அந்த வம்சத்தோடு வருகிறது. ‘லெமன் ஃப்ராஸ்ட்’ வகையும் வேண்டாம். அந்த மரபணு உள்ளவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் தோல் கட்டிகள் வருவதாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. இவற்றை இன்னும் இனப்பெருக்கம் செய்து விற்பதை எங்களால் ஏற்கமுடியவில்லை.

தொட்டியோடு ஹீட் மேட்டும் வாங்கிவிட்டோம். தெர்மோஸ்டாட் இல்லாமல் சமாளிக்கலாமா? எவ்வளவு சூடு வேண்டும்?
– வாசகர், மிசிசாகா

சமாளிக்கமுடியாது. ஹீட் மேட் என்பது தொட்டிக்கு அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு. வேண்டிய சூடு வந்ததும் அதை நிறுத்தும் கருவிதான் தெர்மோஸ்டாட். அது இல்லாத மேட்டுக்கு நிறுத்தம் தெரியாது. அதன்மேல் உள்ள கண்ணாடியின் சூடு 40 டிகிரியைத் தாண்டி ஏறும். வயிற்றைச் சூட்டில் வைத்துப் படுத்துப் பழகிய பிராணி சுடுகிறது என்று உடனே விலகாமல் அங்கேயே கிடந்து புண்ணாகும்.

சூடான பக்கத்துத் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26. இரவில் 20, 21 வரை இறங்கினால் பாதகமில்லை. மேட் தொட்டியின் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவக்கூடாது. மீதி இடம் குளிர்ந்திருந்தால்தான் பல்லி தனக்கு வேண்டிய சூட்டைத் தேடி நகரமுடியும். தொட்டிக்கு அடியில் சின்னக் கட்டைகள் வைத்து விரலளவு இடைவெளி விடுங்கள். காற்றோட்டம் இல்லாமல் சூடு தேங்கினால் கண்ணாடி விரிசல் விடும்.

தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைத் தொட்டிக்குள்ளே, மேட்டுக்கு நேர் மேலே தரையோடு ஒட்டிப் பொருத்துங்கள். சும்மா போட்டுவைத்தால் பல்லி இழுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் தள்ளிவிடலாம். முனை தண்ணீரின் குளிர்ச்சியைக் கண்டு, தொட்டி ஆறிவிட்டது என்று மேட்டை நிறுத்தாமல் எரியவைக்கும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிகளை நம்பாதீர்கள். அவை காட்டுவது சுவரோரக் காற்றின் சூட்டை. குறிபார்த்து அழுத்தும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கித் தரையைத்தான் அளக்கவேண்டும்.

தலைக்கு மேலிருந்து பல்பில் சூடு தருவது இன்னும் நல்லது. காட்டில் பாறையும் வெயிலில் அப்படித்தான் சூடேறுகிறது. அதற்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். இரவில் சிவப்பு பல்பு போடாதீர்கள், அந்த வெளிச்சம் அதன் கண்ணுக்குத் தெரியும். மின்சாரத்தில் சூடாகும் செயற்கைக் கல்லை வாங்கவே வேண்டாம்.

தொட்டி 90 × 45 செ.மீ. இருந்தால் நிறைவு. கனடாக் கடைகளில் ‘40 கேலன் பிரீடர்’ என்று கேளுங்கள். மறைவிடம் மூன்று வேண்டும்: சூட்டில் ஒன்று, குளிர்ச்சியில் ஒன்று, நடுவில் ஈரமானது ஒன்று. எல்லாவற்றையும் பொருத்தி ஒரு வாரம் ஓடவிட்டு, சூடு நிலையாக நின்ற பிறகு பல்லியைக் கொண்டுவாருங்கள்.

பாலைவனப் பிராணிதானே, மணல் போடலாமா?
– வாசகர், பிராம்ப்டன்

வேண்டாம். அது வாழ்வது இறுகிய களிமண்ணிலும் பாறையிலும். உதிரி மணல் இரையோடு வாய்க்குள் போய்க் குடலில் கட்டிக்கொள்ளும். தொட்டி சூடு குறைவாக இருந்தால் இன்னும் சீக்கிரம் அடைக்கும். ‘கால்சியம் மணல்’ என்று விற்பது அதைவிட மோசம், கால்சியத்துக்காகப் பல்லி அதை நக்கித் தின்னும். முதல் சில மாதங்களுக்குக் கிச்சன் பேப்பரே போதும். எச்சத்தைப் பார்த்து உடல்நிலையைக் கண்டுபிடிக்கவும் அதுதான் வசதி.

இரண்டு வாரமாக எதுவும் தின்னவில்லை. வால் பருமனாகத்தான் இருக்கிறது. மருத்துவரிடம் போகவா?
– வாசகி, ஹாரோ, லண்டன்

முதலில் சூடான பக்கத்துத் தரையின் சூட்டை அளந்துபாருங்கள். 28 டிகிரிதான் இருக்கிறது என்றால் காரணம் கிடைத்துவிட்டது. இரையைச் செரிக்கும் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். அது இல்லாதபோது பல்லி தின்ன மறுப்பது புத்திசாலித்தனம். கட்டாயப்படுத்தி ஊட்டினால் வயிற்றில் அழுகி வாந்தியாக வரும். புது வீட்டுக்கு வந்த முதல் வாரம், குளிர்காலம், இனப்பெருக்கக் காலம், தோல் உரிக்கும் நாட்கள் இவற்றிலும் பட்டினி கிடக்கும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துவையுங்கள். 60 கிராம் இருந்தது 54க்கு இறங்கினால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். வால் குச்சிபோல வற்றி, இரையை அப்படியே கக்கி, எச்சம் இளகி நாறினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது மற்றப் பல்லிகளுக்கும் பரவும், முற்றாகக் குணப்படுத்துவது மிகக் கடினம். எச்சத்தின் மாதிரியைக் கையோடு கொண்டுபோங்கள்.

என்ன இரை, எவ்வளவு? கால்சியம் தூள் ஒவ்வொரு தடவையும் தேவையா?
– வாசகர், மார்க்கம்

கிரிக்கெட் பூச்சி, டூபியா கரப்பான், மீல்வார்ம் புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். பூச்சியின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கு இடையிலான தூரத்தைத் தாண்டக்கூடாது. குட்டிக்கு நாள்தோறும் 5 முதல் 7. வளர்ந்ததற்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை. வாக்ஸ்வார்ம் புழு வெறும் கொழுப்பு, எப்போதாவது ஒன்று போதும். கொடுப்பதற்கு முந்தைய நாள் பூச்சிகளுக்குக் கேரட், கீரை வையுங்கள். வெறும் வயிற்றுப் பூச்சியில் சத்து இல்லை. தின்னாமல் விட்ட கிரிக்கெட்டைத் தொட்டியில் விடாமல் எடுத்துவிடுங்கள், தூங்கும் பல்லியைக் கடிக்கும்.

கால்சியம் கட்டாயம். பூச்சியின் உடலில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. போதாத கால்சியத்தை உடல் எலும்பிலிருந்து உருவும். தாடை ரப்பர்போல் இளகும், கால் வளையும், நடை தள்ளாடும். வளைந்த எலும்பு திரும்ப நிமிராது. ஆகவே ஒவ்வொரு வேளையும் பூச்சிகளைச் சாதாரணக் கால்சியம் தூளில் புரட்டுங்கள். யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு இல்லையென்றால் வாரம் இரண்டு தடவை வைட்டமின் டி3 கலந்த கால்சியம் தூள், வாரம் ஒருமுறை மல்டிவைட்டமின் தூள். விளக்கு இருந்தால் டி3-ஐக் குறைக்கவேண்டும். அது மிஞ்சினாலும் கேடுதான்.

விரல் நுனிகளில் பழைய தோல் சுற்றி நிற்கிறது. ஒரு விரல் கறுத்துவிட்டது.
– வாசகி, ஸ்கார்பரோ

அந்தத் தோல் காயக் காய நூல் கட்டியதுபோல் இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்தும். கறுத்த விரலை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்ற விரல்களுக்கு, 30 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில், வயிறு நனையும் ஆழத்தில், கால் மணி நேரம் நிற்கவைத்து, ஈரப் பஞ்சுக்குச்சியால் மெல்லத் தேயுங்கள். வராவிட்டால் பிய்க்காதீர்கள், மறுநாள் பாருங்கள். கனடாக் குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். ஒரு மூடிய டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசி போட்டுவையுங்கள். சட்டை உரிக்கும் நேரத்தில் தானே உள்ளே போய்க்கொள்ளும்.

இரண்டை ஒன்றாக வைக்கலாமா? குழந்தைகள் தூக்கலாமா?
– வாசகர், ஈஸ்ட் ஹாம்

ஒன்றாக வேண்டாம். இரண்டு ஆண்கள் கடித்துக் குதறும். பெண்களிலும் ஒன்று மற்றதைச் சூட்டிலிருந்து விரட்டும். தூக்கலாம், வாலைப் பிடிக்காமல். பயந்தால் வாலை உதிர்த்துவிடும். மறுபடி முளைக்கும் வால் குட்டையாக, முள்ளங்கிபோல் இருக்கும். சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வளர்க்க எண்ணம். எங்கே வாங்கலாம்?
– வாசகர், ஈசூன்

வாங்காதீர்கள். சிங்கப்பூரில் இதைச் செல்லப்பிராணியாக வைத்திருப்பது சட்டவிரோதம். ஊர்வனவற்றில் சிவப்புக் காது ஆமை போன்ற மிகச் சிலவற்றுக்கே அங்கு அனுமதி. ஜொகூரிலிருந்து கொண்டுவருவதும் குற்றம். ஏற்கெனவே ஒன்று கையில் இருந்தால் பூங்காவில் விட்டுவிடாமல் தேசியப் பூங்காக் கழகத்தைத் தொடர்புகொள்ளுங்கள். அந்த ஈரக் காட்டில் அது பிழைக்காது.