முதலாளியிடம் சொல்வது – கடிதமும் பதிலும்

வணக்கமுங்க அய்யா,

பேரு வேண்டாமுங்க. காங்கேயம் பக்கம் ஊர். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. ஒருவரோடு நாலு வருசமாக ஒரே வீட்டில் வாழ்கிறேன். கம்பெனியில் ரூம்மேட் என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதலாளி என்னைக் கூடப்பிறந்த தம்பி மாதிரி நடத்துகிறவர். போன மாசம் அவர் சம்சாரத்தின் சொந்தத்தில் ஒரு பெண்ணின் ஜாதகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அது இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. உண்மையை மறைப்பது அவருக்குச் செய்கிற துரோகமாகப் படுகிறது. பெங்களூரில் ஐடியில் இருக்கிற நண்பன் மேனேஜரிடம் சொன்னபோது டீமே கேக் வெட்டியதாம். இங்கே அதெல்லாம் நடக்காது. ஆனால் நம்ம சனங்களுக்கு ஒரு பெருந்தன்மை உண்டு, தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். சொல்லிவிடட்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கேக்கை விடுங்கள். அந்த டீம் அடுத்த அப்ரைசலில் என்ன செய்தது என்று கேட்டுச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.

துரோகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் முதலாளி எந்த இடத்தை யார் பேரில் வாங்கிப் போட்டிருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? அதைச் சொல்லவில்லையே என்று அவர் தூக்கம் கெட்டுப் புரள்கிறாரா? திருப்பூரில் கட்டிங் டேபிளில் நின்று வந்த முதலாளிகள் நிறையப் பேர். அண்ணன் தம்பி என்ற பேச்சு அவர்களுக்கு இயல்பாக வரும், அதில் பொய்யும் இல்லை. ஆனால் ஷிப்மென்ட் நெருங்கும்போது உங்களை நடுராத்திரி வரைக்கும் நிற்க வைப்பதும் அதே பேச்சுதான்.

துரோகம் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பெண்ணுக்கு. அந்த வீட்டில் பதிலுக்குக் காத்திருப்பார்கள். முதலாளியைப் பற்றி இவ்வளவு உருகிய உங்களுக்கு அவளைப் பற்றி எழுத ஒரு வரி கிடைக்கவில்லை. நாளைக்கே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுங்கள். "கல்யாணம் பண்ணிக்கிற எண்ணம் இல்லீங்கண்ணா" என்றால் போதும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வாழ்வது குற்றமில்லை என்றது. அது போலீஸிடமிருந்து காப்பாற்றும். இதற்காக உங்களை வேலையை விட்டு அனுப்பக்கூடாது என்று தனியார் முதலாளிக்குச் சொல்லும் சட்டம் இன்னும் இல்லை. 2019இல் வந்த சட்டம் திருநர்களுக்கானது. வேடிக்கை என்னவென்றால், வெளிநாட்டு பையர்கள் கேட்கும் எஸ்ஏ 8000 என்ற தொழிலாளர் நலத் தரச்சான்று மாதிரியான நடத்தை விதிகளில் பாலின ஈர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று எழுதியே இருக்கிறது. உங்கள் கம்பெனிச் சுவரிலும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கலாம். ஆடிட் அன்றைக்குத் துடைத்து வைப்பார்கள்.

சரி, பெருந்தன்மைக்கு வருகிறேன். எனக்குள் கொஞ்ச நாளாக ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

எண்பதுகளில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். அங்கே ரிங் பிரேம் என்கிற நூற்பு மெஷினில் ஒரு பிட்டர், மெஷினைச் சரிபார்க்கிறவர். கல்யாணம் ஆகவில்லை, பெற்றோரும் இல்லை. மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தவரும் அவரும் ஒரே லைன் வீட்டில் இருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொன்னதில்லை. மேனேஜருக்கு அந்த பிட்டர் என்றால் உயிர். தீபாவளிக்கு இரண்டு பேருக்கும் சேர்த்தே வேட்டி எடுத்துக் கொடுப்பார். நீங்கள் சொல்கிற பெருந்தன்மை அச்சு அசலாக அங்கே இருந்தது.

ஒருநாள் ராத்திரி ஷிப்டில் நெஞ்சுவலி வந்து பிட்டர் போய்விட்டார். மூன்றாம் நாள் பல்லடத்திலிருந்து அண்ணன் மகன் வந்தான். பி.எஃப். என்கிற சேமநிதி, கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை எல்லாவற்றிலும், பணத்தை வாங்க வேண்டிய நாமினியாக அண்ணன் பேர்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆபீஸிலேயே யாரோ நிரப்பிக் கையெழுத்து வாங்கிய பாரம். டீக்கடைக்காரர் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். பணம் கேட்கவில்லை, தன் பேர் எதிலாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நான் மேனேஜரிடம் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவன் டீக்கடைக்காரன்தானே? பாக்கி ஏதாச்சும் இருந்தா எழுதிக் குடுக்கச் சொல்லு."

அத்தனை வருசம் தெரிந்திருந்த மனிதருக்கு அன்று காலையில் தெரியாமல் போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை, துட்டிக்கு வந்து அழுதவர். ஆனால் வாய்விட்டுப் பேசாத ஒன்றுக்கு யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. வேட்டி எடுத்துக் கொடுக்கலாம், அது அவருடைய தயவு. கேட்டு வாங்க அங்கே எதுவும் இல்லை. நம் ஊர்ப் பெருந்தன்மை, ஆள் உழைக்கிற வரைக்கும் மூடிக்கொள்ளும் கண். பங்காளிகள் வந்து நின்றால் அது பட்டென்று திறந்துகொள்ளும்.

இன்னொன்றையும் கேளுங்கள். கிராஜுவிட்டி சட்டத்தின் கணக்கில் அண்ணன் குடும்பத்தில் சேர்த்தியே இல்லை. மனைவி, பிள்ளை, சார்ந்திருக்கும் பெற்றோர் என்று அந்தப் பட்டியலில் யாரும் இல்லாத ஆள், யார் பேரை வேண்டுமானாலும் எழுதலாம். அண்ணன் பேரை எழுதிய அதே கோட்டில் டீக்கடைக்காரர் பேரை எழுதியிருக்கலாம். அதற்குப் பெருந்தன்மை தேவையில்லை, ஒரு பேனா போதும். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் விஷயத்தை வாயால் பேச வேண்டுமே!

அதனால் முதலாளியிடம் சொல்வதா என்பதை அப்புறம் பார்ப்போம். சொன்னால் வீட்டுக்கு எட்ட எத்தனை நாள் ஆகும், வேலை போனால் எத்தனை மாசம் தாங்கும், வேறு எங்கே ஆள் தெரியும் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் தைரியசாலியா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை.

முதலில் உங்கள் நாமினி பாரங்களை எடுத்துப் பாருங்கள். அம்மா உங்களை நம்பித்தான் இருக்கிறார் என்றால் பி.எஃப்., கிராஜுவிட்டியில் உங்கள் துணைவர் பேரைப் போட முடியாது. பேங்கில் முடியும்; சேர்ந்து கணக்கு வைக்கவும் நாமினியாகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய அரசே தெளிவுபடுத்திவிட்டது. மற்றதற்கு உயில் எழுதுங்கள். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, சாட்சிக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால் போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோபிக்கு வாருங்கள், ஒரு கையெழுத்து நான் போடுகிறேன். வரும்போது அவரையும் கூட்டிக்கொண்டு வாங்க, மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான்.