ஆறு வயதுப் பேரனும் அறுபது தாண்டிய ஆயாவும் ஒரே டாட்ஜ்பால் களத்தில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் சேர்ந்து டாட்ஜ்பால் ஆடத் தொடங்கினோம். ஆறு வயதுப் பிள்ளைகளிலிருந்து தாத்தா, ஆயா வரை வந்தார்கள். முதல் வாரம் ஒரே கலகலப்பு. இப்போது பெரிய பையன்கள் எறிகிற வேகத்தில் சின்னதுகள் அழுகின்றன, பெரியவர்கள் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். வயது வாரியாகப் பிரித்துவிடலாமா? எந்தப் பந்து வாங்குவது?"

பிரிக்காதீர்கள். பிரித்தால் நீங்கள் ஆரம்பித்த நோக்கமே போய்விடும். பையன்களைத் திட்டவும் வேண்டாம். விதி எதற்குப் பலன் தருகிறதோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள். மாற்ற வேண்டியது விதியைத்தான்.

டாட்ஜ்பால் என்பது எதிரணியினர் மேல் பந்தை எறிந்து அடிக்கும் ஆட்டம். போட்டிகளில் பக்கத்துக்கு ஆறு பேர். பந்து பட்டால் வெளியே போக வேண்டும். தன் அணியில் யாராவது எதிரணி எறிந்த பந்தைப் பிடித்தால்தான் உள்ளே திரும்ப முடியும். சம வயது, சம பலம் உள்ளவர்களுக்கு இது அருமையான விதி. உங்கள் கூட்டத்தில் என்ன நடக்கும்? மெதுவாக நகர்கிறவர் முதலில் அடிபடுவார், அவரே அதிக நேரம் வெளியே உட்கார்ந்திருப்பார். ஆடிப் பழக வேண்டியவருக்கு ஆட்டமே கிடைக்காது. பள்ளி உடற்கல்வி வகுப்பில் டாட்ஜ்பால் கூடாது என்று அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர்களின் அமைப்பான ஷேப் அமெரிக்கா சொல்கிறது. மனிதனையே குறியாக வைப்பது அவர்களுக்குப் பெரிய உறுத்தல், பலவீனமானவர் முதலில் வெளியேறுவதும் ஒரு காரணம். வகுப்பில் பிள்ளைக்கு வேறு வழி இல்லை, ஆடித்தான் ஆக வேண்டும். கோயிலில் அப்படி இல்லை. வேண்டாம் என்றால் விலகலாம், அந்த உரிமையை வாய்விட்டுச் சொல்லியும் வையுங்கள். ஆனால் முதல் நிமிடத்தில் வெளியேறி மீதி ஆட்டம் முழுக்க வேடிக்கை பார்க்கும் பிள்ளையின் வருத்தம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

நான் சொல்வது ஜப்பான் பிள்ளைகள் ஆடும் முறை. அங்கே ஒரே ஒரு பந்து. களத்தை நடுக்கோட்டால் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு அணியிலும் சிலர் உள்ளே நிற்பார்கள், சிலர் எதிரணியின் பின்கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். அடிபட்டவர் உட்கார மாட்டார். அந்த வெளிப்பக்கத்துக்குப் போய் அங்கிருந்து எதிரணி மேல் பந்து எறிவார். யாரையாவது அடித்துவிட்டால் மறுபடி உள்ளே வந்துவிடலாம். ஆக, யாருக்கும் ஆட்டம் முடிவதில்லை, நிற்கும் இடம் மட்டும் மாறுகிறது. ஒரே பந்து என்பதால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று ஆறு வயதுப் பிள்ளையும் பார்த்துக்கொள்ள முடியும்.

தாத்தா, ஆயாக்களை முதலிலேயே வெளிப்பக்கம் நிறுத்திவிடுங்கள். அங்கே அவர்கள் மேல் யாரும் எறிய மாட்டார்கள், எறிவது மட்டுமே அவர்கள் வேலை. உள்ளே இருப்பவர்கள் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னால் உருண்டு வந்த பந்தை வாங்கி ஆயா கீழ்க்கையால், அதாவது கையைக் கீழிருந்து வீசி, மெதுவாக விடுவார். அது நேராகப் போய்ப் பதினைந்து வயதுப் பேரனின் கணுக்காலில் படும். அந்தப் பையனும் சிரிப்பான், ஆயாவும் அடுத்த வாரம் நாற்காலியைத் தேட மாட்டார். குனிந்து எடுக்கச் சிரமப்படுகிறவர் பக்கத்தில் ஒரு குட்டிப் பிள்ளையை நிறுத்துங்கள். பொறுக்கிக் கொடுப்பது பிள்ளை, எறிவது பெரியவர். உங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலர் சின்ன வயதில் தெருவில் டின்களை அடுக்கி வைத்து, பந்தெறிந்து கலைக்கும் "மூன்று டின்" ஆடியவர்களாக இருப்பார்கள். குறி பார்த்து எறிவதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது எறியும் உயரம். தலையில் அடிக்கக் கூடாது என்று எல்லாரும் விதி வைக்கிறார்கள், கலப்பு வயதுக் கூட்டத்துக்கு அது போதாது. ஆறு வயதுப் பிள்ளை ஏறக்குறைய 115 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். வளர்ந்த ஒருவரின் இடுப்பு உயரத்தில் போகிற பந்து அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக வரும். எறிந்தவர் தப்பே செய்திருக்க மாட்டார், பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வரும். அதனால் அளவை எறிபவரின் உடம்பில் வையுங்கள்: பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை நோக்கி எறியும்போது பந்து எறிபவரின் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக் கூடாது. பதின்வயதினர் அவர்கள் மேல் எறிய வேண்டுமானால் பழக்கமில்லாத கையால், கீழ்க்கையாகத்தான் எறிய வேண்டும். வலக்கைப் பழக்கம் என்றால் இடக்கை. தங்களுக்குள் எப்படி வேண்டுமானாலும் எறியட்டும், அந்த வேகத்தைக் காட்டவும் அவர்களுக்கு இடம் வேண்டுமே. மீறினால் எறிந்தவரே வெளிப்பக்கம் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: "கீழே உட்காராதே கண்ணா, பக்கத்தில் நகரு." உட்கார்ந்தால் தலை முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகிறது. அவர்கள் ஒரு முறை தரையில் குத்தி எழும்பிய பந்தைப் பிடித்தாலும் பிடித்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பந்துக்கு வருவோம். மேலே மெல்லிய பூச்சு போட்ட ஃபோம் பந்து வாங்குங்கள். போட்டிகளில் வரும் ஃபோம் பந்து 7 அங்குலம், கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் குறுக்களவு. உங்களுக்கும் அதே அளவு சரியாக இருக்கும். பூச்சு இல்லாத வெறும் ஃபோம் ஈரப் புல்லில் தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். நெட்பால், வாலிபால் பந்துகளைக் காற்றைக் குறைத்து வைத்துக்கொண்டும் ஆட வேண்டாம். டென்னிஸ் பந்தை எக்காரணம் கொண்டும் எடுக்காதீர்கள். பெரிய ஃபோம் பந்து முகத்தில் பட்டால் நெற்றியும் கன்னமும் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். சின்னப் பந்து கண்குழிக்குள் நேராக இறங்கிவிடும். ஆட்டத்துக்கு ஒன்று, கையிருப்புக்கு ஒன்று என இரண்டு பந்து போதும், ஆட்டம் பழகிய பிறகு இரண்டையும் சேர்த்து விடலாம்.

பந்தைவிட எனக்குப் பயம் தரையில். பெரியவர்களுக்குப் பந்து பட்டு வருகிற காயத்தைவிட, பின்பக்கமாக ஓடி விழுந்து வருகிற காயம் மோசம். இடுப்பு எலும்பு, மணிக்கட்டு இரண்டும் அப்படித்தான் போகின்றன. ஐம்பதைத் தாண்டியவர்கள் பின்பக்கமாக ஓடக் கூடாது என்பதை விதியாகவே வையுங்கள். கோயில் மண்டபத்தில் டைல்ஸ் தரையாக இருந்தால், விளக்கு வைக்கும் இடத்தில் சிந்திய எண்ணெயும் அபிஷேகத் தண்ணீரும் முதல் எதிரி. காலுறையோடு ஆடுவது வெறுங்காலைவிட ஆபத்து. ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலில் ஆடவே கூடாது. அடிபட்டாலும் அவர்களுக்குத் தெரியாது. தென்னாப்பிரிக்க இந்தியக் குடும்பங்களில் சர்க்கரை நோய் எவ்வளவு பரவலானது என்று உங்களுக்கே தெரியும். அதனால் ரப்பர் அடி வைத்த காலணி போட்டு ஆடுகிற மாதிரி ஓர் இடத்துக்கு ஆட்டத்தையே மாற்றுவது நல்லது.

பக்கத்துப் பள்ளியில் நெட்பால் களம் இருக்கிறதா என்று கேளுங்கள். 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம் உள்ள அந்தக் களம் ஏற்கெனவே மூன்று சமப் பகுதிகளாகக் கோடு போட்டிருக்கும். நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் குறுக்கே ஆடினால் 15 மீட்டருக்கு 10 மீட்டர் கிடைக்கும், உங்கள் கூட்டத்துக்கு அளவான இடம். நடுவில் இருக்கும் சின்ன வட்டத்தின் வழியாகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுத்தால் நடுக்கோடு தயார்.

ஆடுவதற்கு முன்னால் வளையல், தொங்கட்டான் எல்லாம் ஒரு பைக்குள் போகட்டும். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளலாம். சேலை கட்டியவர்கள் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினால் போதும், ஓடாத வெளிப்பக்கத்துக்கு அது தடையில்லை. கண்புரை அறுவை செய்து அதிக நாள் ஆகாதவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் களத்தில் இறங்க வேண்டாம். ஸ்கோர் எழுதும் வேலை அவர்களுக்குக் கொடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இனிப்பு ஜூஸ் இருக்க வேண்டும், ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பம்ப் அம்மாவின் காரில் இல்லாமல் களத்தின் ஓரத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சுற்றுக்கு மூன்று நிமிடம், அப்புறம் தண்ணீர். டர்பன் பக்கத்து டிசம்பர், ஜனவரி புழுக்கத்தில் அதற்கு மேல் போனால் பிள்ளைகளைவிட அப்பாக்கள்தான் முதலில் மூச்சு வாங்குவார்கள். அந்த மாதங்களில் வெயில் தாழ்ந்து நாலரைக்குமேல் தொடங்குங்கள். ஜூனில் ஐந்து மணியைத் தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும், மங்கலில் பந்து கண்ணுக்குத் தெரியாது. அப்போது மூன்று மணிக்கே தொடங்கி நாலரைக்குள் முடித்துவிடுங்கள்.