நாள் முழுக்க வேலை, ஆனால் எதுவும் முடியவில்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அலுவலகத்தைப் பற்றியவை. புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் 19 ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தவள். கடைசி 8 ஆண்டுகள் அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. டாக்டர் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. வேலையில் மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம் மட்டும் நிறைய உண்டு.

கேள்வி: அக்கா, காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஏழாகிறது. ஆனால் இன்றைக்கு என்ன முடித்தாய் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் நாற்பதைத் தாண்டிவிட்டது. அதைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. என்ன செய்வது?

பதில்: அந்தப் பட்டியலை வேறு யாருடையதோ என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை படித்துப் பாருங்கள். நாள்கணக்காக நகராமல் உட்கார்ந்திருக்கும் வரிகள் தனியாகத் தெரியும். என் நோட்டில் அப்படி ஒன்று இருந்தது: ‘ஆடிட் வேலை’. தினமும் காலையில் புதுப் பக்கத்தில் அதை மறுபடி எழுதுவேன். ஒரு நாள் கடுப்பில் எண்ணிப் பார்த்தேன், 23 பக்கங்களில் இருந்தது. ஒரு நாளும் தொடவில்லை. சோம்பேறி என்று என்னை நானே திட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பிறகுதான் புரிந்தது. ‘ஆடிட் வேலை’ என்பது ஒரு வேலையே இல்லை. முப்பது வேலைகளைக் கட்டிப்போட்ட மூட்டை. மூட்டையில் எங்கே கை வைப்பது? அந்த வரியை அடித்துவிட்டு, ‘போன வருடம் ஆடிட்டர் கேட்ட கேள்விகள் இருக்கும் கோப்பைத் தேடி எடு’ என்று எழுதினேன். எட்டு நிமிடத்தில் கிடைத்தது. கோப்பு கைக்கு வந்ததும் அடுத்து யாரைக் கேட்க வேண்டும் என்று தானாகத் தெரிந்தது. உங்கள் நாற்பதில் குறைந்தது பத்து மூட்டைகளாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கை செய்யக்கூடிய முதல் காரியத்தை மட்டும் எழுதுங்கள். முழுவதையும் பிரித்து அடுக்க வேண்டாம். அதுவே இன்னொரு வேலையாகிவிடும்.

முடியாத வேலை மனதைச் சுரண்டிக்கொண்டே இருக்கும் என்பதை உளவியலாளர் ப்ளூமா ஜைகார்னிக் 1927-இலேயே எழுதினார். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள்தான் அவருடைய சோதனையில் கலந்துகொண்டவர்களுக்கு அதிகம் ஞாபகம் இருந்தன. பிற்காலத்தில் அதைச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதைவிட உபயோகமாகப் பட்டது 2011-இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் செய்த ஆய்வு. முடியாத வேலை ஒன்று தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தால் கையில் இருக்கும் வேலை கெடுகிறது. ஆனால் அந்த வேலையை முடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தத் தொந்தரவு அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். உங்கள் படபடப்பில் ஒரு பங்கு, நாற்பது வேலை இருப்பதால் வருவதல்ல. அவற்றில் எதைப் பற்றியும் இன்னும் முடிவெடுக்காததால் வருவது.

அப்புறம், எட்டு மணி நேர நாளுக்கு எட்டு மணி நேர வேலையை எழுதி வைக்காதீர்கள். நான் நான்கு மணி நேரத்துக்கு மட்டும்தான் எழுதுவேன். மிச்சத்தை நாளே நிரப்பிவிடும்: திடீர்க் கூட்டம், தொலைபேசி, ‘ஒரு நிமிஷம்’ என்று வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் நண்பர். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரமாகும் என்பதில் எல்லோருமே குறைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். போன தடவை தாமதமானது நன்றாக ஞாபகம் இருந்தாலும், இந்தத் தடவை சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் தோன்றும். அதனால் எனக்கு ஒரு மணி நேரம் என்று தோன்றினால் ஒன்றரை என்று எழுதுவேன். ஆண்டு இறுதிக் கணக்கென்றால் இரண்டு. அதுவும் சில சமயம் போதாது.

கேள்வி: அலுவலகக் குழுவில் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. உடனே பதில் போடாவிட்டால் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். எந்த வேலையையும் முழுதாகச் செய்ய முடியவில்லை.

பதில்: என் கதை ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஒரு நாள் தொலைபேசியில் பேசிக்கொண்டே, ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் அடித்துக்கொண்டே, இன்னொருவர் கேட்ட கோப்பையும் அனுப்பினேன். போனது அந்தக் கோப்பு இல்லை, எங்கள் பிரிவின் சம்பளப் பட்டியல். போன இடம் அந்தப் பிரிவு முழுவதற்கும். அடுத்த ஒரு மாதம் யார் யாரைவிட எவ்வளவு குறைவாக வாங்குகிறார் என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் செய்து நான் மிச்சம் பிடித்தது நான்கு நிமிடம் இருக்கலாம்.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால், மனதின் ஒரு துண்டு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதை ‘கவனத்தின் எச்சம்’ என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். செய்தியைப் பார்க்க ஆவது பத்து நொடிதான். ஆனால் திரும்பி வந்து ‘எங்கே விட்டேன்’ என்று தேடுகிறோமே, அதை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 124 பேரை ஒரு வாரம் மின்னஞ்சலை நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு வாரம் எத்தனை முறை வேண்டுமானாலும். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. உங்கள் வேலைக்கு மூன்று போதாமல் இருக்கலாம். வாடிக்கையாளர் புகாரைக் கவனிப்பவருக்கு இந்த யோசனையே செல்லாது. மற்றவர்கள் மணிக்கு ஒரு முறை என்று தொடங்கலாம். முக்கியம் என்னவென்றால், சத்தமில்லாமல் தொடங்காதீர்கள். ‘பத்திலிருந்து பதினொன்றரை வரை செய்தி பார்க்க மாட்டேன், அவசரம் என்றால் போனில் கூப்பிடுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பயம் பாதி அங்கேயே போய்விடும். நான் அப்படிச் சொன்ன முதல் வாரத்தில் எனக்கு வந்த அவசர அழைப்பு ஒன்றே ஒன்று. அதுவும் அவசரமில்லை.

கேள்வி: 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு முறையை முயன்றேன். மணி அடிக்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. தவறு என்னிடமா?

பதில்: இல்லை. 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்கவில்லை என்று தக்காளி வடிவச் சமையலறை டைமரைத் திருகி வைத்து உட்கார்ந்தார். அந்த முறைக்குப் ‘பொமோடோரோ’ என்று பெயர் வந்தது அதனால்தான். இத்தாலிய மொழியில் தக்காளி. அவருக்கு 25 ஒத்துவந்தது. உங்களுக்கு 50 ஒத்துவரலாம். தொடங்கவே மனம் வராத வேலைக்கு 25 நல்ல எண், ஓடிக்கொண்டிருக்கும் வேலைக்கு அது தடைக்கல். வேலை ஓடும்போது டைமரை அணைத்துவிடுங்கள். ஓய்வை மட்டும் விடாதீர்கள், அந்த ஓய்வில் போனை எடுக்காதீர்கள்.

கேள்வி: படுத்ததும் நாளைய வேலைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. தூக்கம் போகிறது.

பதில்: படுக்கும் முன் ஐந்து நிமிடம், காகிதத்தில் எழுதுங்கள். 2018-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், அடுத்த நாள்களில் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். விவரமாக எழுத எழுத இன்னும் சீக்கிரம் தூங்கினார்கள். வெறும் 57 பேரை வைத்துச் செய்ததுதான், ஆனாலும் முயல்வதில் நஷ்டமில்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு அடைக்கிறது என்றால் காகிதத்தோடு நிற்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: வேலையை விட்டுப்போன இருவரின் இடத்தையும் நானே பார்க்கிறேன். வாரம் 60 மணி நேரம். நீங்கள் சொல்லும் பழக்கங்கள் எல்லாம் செய்துவிட்டேன் அக்கா. ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: நடக்காது. மூன்று பேர் வேலையை ஒருவர் செய்ய எந்த நோட்டும் எந்த டைமரும் உதவாது. உங்களிடம் குறை தேடுவதை முதலில் நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பர்ன் அவுட்’ (வேலையால் முற்றிலும் சோர்ந்துபோவது) என்பதை வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது. சரியாகக் கையாளப்படாத, தொடர்ந்த பணியிட அழுத்தத்தால் வருவது என்று. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள்: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம். மாரடைப்பு போன்ற இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ‘இன்னும் கொஞ்சம் சமாளித்துப் பார்க்கிறேன்’ என்று நீங்கள் அடுத்த கடிதம் எழுதக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

‘முடியவில்லை சார்’ என்று மட்டும் போய் நிற்காதீர்கள். கையில் இருக்கும் வேலைகளை ஒரே தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், யார் கொடுத்தது என்று போடுங்கள். கீழே கூட்டுத்தொகை. அதை மேலாளர் முன் வைத்து, ‘எனக்கு 45 மணி நேரம் இருக்கிறது. இதில் எதை நிறுத்தட்டும், எதைத் தள்ளிப்போடட்டும், நீங்களே சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எல்லா மேலாளரும் நல்லபடியாகக் கேட்பார்கள் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. இரண்டு முறை கேட்டும் எதுவும் மாறாவிட்டால் வேறு இடம் தேடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ற முறையில் இதைச் சொல்ல முடியும். ஒரு முறை என் பிரிவில் இருந்த பெண் அப்படி ஒரு தாளை என் மேஜையில் வைத்தாள். அதுவரை அவளைக் கொஞ்சம் மந்தம் என்றுதான் நினைத்திருந்தேன். தாளில் 14 வேலைகள் இருந்தன. அதில் ஐந்து நான் கொடுத்தவை. அவற்றில் இரண்டைக் கொடுத்ததே எனக்கு ஞாபகம் இல்லை.