ஐந்து பேரில் கடைசிக்கும் பத்துப் புள்ளியா?

கேள்வி: நண்பர்கள் பன்னிரண்டு பேர் ஞாயிறு ராத்திரி ஆன்லைனில் கார் ரேஸ் ஓட்டுகிறோம், 12 வாரம் ஒரு சீசன். ஃபார்முலா ஒன் மாதிரியே 25, 18, 15, 12, 10 என்று புள்ளி போடுகிறோம். சில வாரம் ஐந்து பேர்தான் வருகிறார்கள். ஒருவர் வேண்டுமென்றே இடிக்கிறார். சீசன் முடிவதற்குள் சண்டை வந்துவிடுகிறது. நியாயமான முறை ஒன்று சொல்லுங்களேன். (வாசகர், கோவை)

பதில்: கோவையா, சரி, அப்போ உங்கள் ஊர் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனிலிருந்தே தொடங்கலாம். 2005 இல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் ரேஸில் மிஷலின் டயர் தாங்காது என்று அந்த டயர் போட்ட 14 கார்களும் ரேஸ் தொடங்கும் முன்பே ஒதுங்கிவிட, ஓடியது ஆறே கார்கள். நரேன் நான்காவதாக வந்தார், அன்றைய கணக்கில் 5 புள்ளி. ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த புள்ளி மொத்தமே அதுதான். அவரைக் குறை சொல்லவில்லை, ஜோர்டான் அணியின் அந்தக் காரை வைத்துக்கொண்டு யார்தான் என்ன செய்துவிட முடியும். ஆனால் இரண்டு பேரை முந்தினாலும் பதினாறு பேரை முந்தினாலும் நான்காம் இடத்துக்கு அதே 5 தான். எல்லாக் காரும் வழக்கமாக வரும் இடத்தில் இது எப்போதோ ஒருமுறை நடக்கிற கூத்து, உங்களுக்கோ வாராவாரம்.

உங்கள் கணக்கையே பாருங்கள். ஐந்து பேர் ஓடி கடைசியாக வந்தவருக்கும் 10, பன்னிரண்டு பேரில் ஐந்தாவதாக வந்து ஏழு பேரைப் பின்னுக்குத் தள்ளியவருக்கும் 10. சண்டை வராமல் என்ன செய்யும்?

அதனால் இடத்தைப் பார்க்காதீர்கள், எத்தனை பேரை முந்தினார் என்று பாருங்கள். கடைசி ஆளுக்கு 1, அங்கிருந்து மேலே ஒவ்வொரு இடத்துக்கும் ஒன்று கூட்டி, அதற்கு மேல் முதல் இடத்துக்கு 3, இரண்டாம் இடத்துக்கு 1 போனஸ். பன்னிரண்டு பேர் வந்தால் 15, 12, 10, 9 என்று இறங்கும், மரியோ கார்ட் 8 என்ற வீடியோ கேமில் இருக்கிற அதே பட்டியல்தான். ஐந்து பேர் வந்தால் 8, 5, 3, 2, 1. ஃபார்முலா ஒன்னில் பதினோராவதாக வருகிறவருக்குப் பூஜ்யம், அவருக்குச் சம்பளம் இருக்கிறது, ஓடுவார். உங்கள் நண்பர் பூஜ்யத்தோடு நாலு வாரம் போனால் அப்புறம் வரமாட்டார்.

கரண்ட் கட், நெட் தகராறு எல்லாருக்கும் உண்டு. 12 வாரத்தில் சிறந்த 8 ஐ மட்டும் எடுங்கள், ஐரேசிங் என்ற ஆன்லைன் ரேஸ் கேமிலும் அப்படித்தான். இதற்கு ஒரு விலை இருக்கிறது. 1988 ஃபார்முலா ஒன் சீசனில் மொத்தப் புள்ளியைப் பார்த்தால் ஓட்டுநர்கள் புரோஸ்ட் 105, சென்னா 94, ஆனால் சிறந்த 11 ரேஸ்தான் கணக்கு என்பதால் 90க்கு 87 என்று சென்னா சாம்பியன். எனவே இந்த விதியை முதல் வாரமே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், நடுவில் நுழைக்காதீர்கள்.

இடிக்கிறவர் விஷயம் தனி. வேகத்தையும் ஒழுங்கையும் ஒரே எண்ணில் குழப்பினால், வேகமான ஆள் அபராதத்தைக் கட்டிவிட்டு மறுபடி இடிப்பார். ஐரேசிங்கில் டிராக்கை விட்டு வெளியே போனால் 1, வண்டி சுழன்றால் 2, இன்னொரு காரோடு பலமாக இடித்தால் 4 என்று தவறுப் புள்ளி தனியாக ஏறும், யார் தப்பு என்று கேட்பதே இல்லை, இரண்டு பேருக்கும் ஏறும். கொடுமையாகத் தெரியும், ஆனால் பஞ்சாயத்து மிச்சம். ஒரு வரம்பு வைத்து, தாண்டினால் அடுத்த வாரம் கடைசியிலிருந்து கிளம்பச் சொல்லுங்கள். வரம்பு தாண்டிய ரேஸைக் கழிக்கவும் விடாதீர்கள், அந்த எட்டில் ஒன்றாக அது கட்டாயம் கணக்கில் வரட்டும்.

கேள்வி: வேகமான லேப்புக்கு ஒரு புள்ளி தரலாமா? (அதே வாசகர்)

பதில்: வேண்டாம். ஃபார்முலா ஒன் 2019 இலிருந்து 2024 வரை முதல் பத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்து, 2025 இல் தூக்கிவிட்டது. பின்னால் யாரும் நெருங்காத ஆள் கடைசியில் பிட்டுக்குள் (டயர் மாற்றும் இடம்) போய் வேகம் தரும் புது சாஃப்ட் டயர் மாட்டி ஒரே லேப்பில் அதைத் தட்டிக்கொண்டு போவார், முன்னால் உயிரைக் கொடுத்து மோதிக்கொண்டிருப்பவர்களுக்கு அது கிடைக்காது.