சிறிய கழிவுநீர்த் தொகுதிகள்: கேள்வி பதில்

தோட்டம், கடற்கரைக் கிராமம், கொழும்புத் தொடர்மாடி எதுவானாலும் சரி, சிறிய கழிவுநீர்த் தொகுதியை நடத்துவது பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

வத்தளையிலிருந்து: சேர், எங்கள் மாடியில் சுத்திகரிப்புத் தொகுதி இருந்தும் மணக்கிறது. கரண்ட் பில்லுக்காக இரவில் தொட்டிக்குக் காற்று ஊதும் புளோவரை நிறுத்துகிறோம். அதுதான் காரணமா?

அதேதான். அங்கே கழிவைத் தின்று வேலை செய்வது, ஒட்சிசன் இருந்தால்தான் வாழும் கிருமிகள். புளோவர் நின்றால் நீரிலுள்ள ஒட்சிசன் சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு காற்றில்லாமல் வாழும் கிருமிகளின் ஆட்சி. அழுகிய முட்டை மணம் அவை விடும் ஐதரசன் சல்பைட். தொட்டியில் லீற்றருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஒட்சிசனாவது இருக்கட்டும். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால், ஒட்சிசனை அளந்து பார்த்துக்கொண்டு, டைமர் போட்டுச் சிறு இடைவெளிகளில் நிறுத்தி ஓட்டலாம்.

1 லீற்றர் அளவுச்சாடி ஒன்றும் வாங்குங்கள். தொட்டிக் கலவையை அதில் நிரப்பி 30 நிமிடம் அசைக்காமல் வையுங்கள். மண்ணிறச் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நின்றால் நல்லது. கறுத்திருந்தால் காற்றுப் போதாது. சேறு 800 மில்லிலீற்றர் வரை நின்றால், ஒன்றில் அதை வெளியே எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது சேறு படியாமல் உப்பியிருக்கிறது. வாசலுக்குப் பளிங்குக்கல் போடும் நிர்வாகக் குழுக்கள் இந்தச் சாடிக்குக் காசில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

ஹற்றன், தோட்ட நலன்புரி அலுவலர்: லயன்களுக்கு ஒரு தொகுதி கட்டித் தந்தார்கள். இரண்டு பேர் கொழும்பில் ஒருநாள் பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு வந்தார்கள். ஒருவர் இப்போது புறக்கோட்டைக் கடையில். தொகுதி நின்றுவிட்டது. திரும்பவும் ஆள் அனுப்பவா?

வேண்டாம் தம்பி. பயிற்றுநரை அங்கே வரச் சொல்லுங்கள். ஹோட்டல் மண்டபத்தில் படம் காட்டிப் பம்பைத் திருத்தக் கற்பிக்க முடியாது.

அமெரிக்காவில் 10,000 பேருக்கு உட்பட்ட ஊர்களின் தொகுதிகளைச் சிறியவை என்று வகுத்து, பயிற்றுநரை அங்கேயே அனுப்புகிறார்கள். இயக்குநரின் பக்கத்தில் நின்று, அவருடைய பம்பிலேயே, அவருடைய பதிவேட்டை வைத்தே சொல்லிக் கொடுக்கிறார். அங்குள்ள தூய நீர்ச் சட்டத்திலேயே இதற்கு இடமிருக்கிறது. கிராமிய நீர்ச் சங்கங்களின் தொழில்நுட்பர்களும் ஊர் ஊராகச் சுற்றுகிறார்கள்.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. 1993இல் பதுளை, இரத்தினபுரி, மாத்தறையில் தொடங்கிய சமுதாய நீர்வழங்கல் திட்டத்தில் ஊர்ச் சங்கங்களே குடிநீரை நடத்தின. ஆனால் குழாயில் தண்ணீர் நின்றால் ஊரே கூடும், கழிவுநீர் வழிந்தால் எவரும் வரமாட்டார்கள். ஆகவே கழிவுநீர்க் கட்டணத்தைத் தண்ணீர்ப் பில்லோடு சேருங்கள், மாற்றுப் பம்ப் ஒன்றுக்கு அதிலிருந்து ஒதுக்குங்கள். இயக்குபவருக்குச் சம்பளமும் கொடுங்கள். சான்றிதழ் வாங்கியவர் ஓடியது சம்பளம் இல்லாததால்தான் என்று பந்தயம் கட்டுவேன்.

வாகரையிலிருந்து: கரையோர வேடர் குடும்பங்கள் உள்ள கிராமம் எங்களுடையது. அமெரிக்காவில் பழங்குடிகளுக்கு அரசே எல்லாம் செய்கிறதாமே?

கட்டுவதற்கு உதவுகிறது. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அங்குள்ள பழங்குடிகளுக்கான அரச அமைப்பான ‘இந்தியர் சுகாதார சேவை’ குடிநீர், கழிவுநீர் வசதிகளைச் செய்துகொடுக்கும். அதன்பின் நடத்துவது பெரும்பாலும் பழங்குடியின் பொறுப்பு. சிக்கலும் அங்கேதான். அலாஸ்காவில் உறைந்த நிலத்தில் சாதாரணமாகக் குழாய் புதைக்க முடியாததால், இன்னமும் வாளியில் மலம் சுமக்கும் கிராமங்கள் உண்டு. எட்டாத கிராமங்களின் இயக்குநர்களுக்குக் கைகொடுக்கவென்று பராமரிப்பாளர்கள் விமானத்தில் போய் வருகிறார்கள்.

உங்களுக்கு மணலும் மாரியில் மேலெழும் நிலத்தடி நீரும்தான் பிரச்சினை. ஆழக் குழி வெட்டினால் மலம் நேரே நீரில் கலக்கும். நீர் கசியாத தொட்டி, தொட்டி நீரை மண்ணில் ஊறவிடத் தரைக்கு மேல் மண் உயர்த்திய உறிஞ்சு படுக்கை என்று கேளுங்கள். மார்கழியில் உங்கள் கிணற்று மட்டத்தை அளந்து காட்டாமல் வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கொட்டாஞ்சேனை, ஊர் யாழ்ப்பாணம்: ஊர் வீட்டில் கிணறும் மலக்குழியும் பக்கத்தில். கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா?

கிருமிக்குப் போதும், மலக்கழிவிலிருந்து நீரில் கரைந்து வரும் நைத்திரேற்று என்ற உப்புக்குப் போதாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருந்தால் பரிசோதிக்காமல் கொடுக்காதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் வெடிப்புகள் வழியே கழிவு வேகமாக ஓடும், அடிக்கணக்கில் தூரம் அளந்து நிம்மதி கொள்ள முடியாது. தோட்ட உரமும் சேர்ந்தே வருகிறது, அதையும் மறக்க வேண்டாம்.

தெஹிவளை அக்கா ஒருவர்: மலக்கழிவை உறிஞ்சியெடுக்கும் பவுசரை எப்போது கூப்பிடுவது?

செப்டிக் டாங்கியின் மூன்றில் ஒரு பங்கு சேறானால். நீண்ட கம்பில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை இறக்கி எடுத்தால் கறுப்பு எவ்வளவு உயரம் என்று தெரியும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள் அக்கா. விழுந்தவரைத் தூக்க இறங்குபவரும் உள்ளே இருக்கும் அதே நச்சு வாயுவில் சாகிறார். பவுசர்காரர் எங்கே கொட்டுகிறார் என்று கேட்டு, ரசீதும் வாங்குங்கள்.